முக்கால் வாளி மணல்

தொலைந்த பெட்டிகளைத் தேடிக் கொடுப்பது பெரியவளின் வேலை. விமான நிலையத்தின் தரைத்தளத்தில், விளக்குகளைத் தாராளமாகவும் நாற்காலிகளைச் சிக்கனமாகவும் போட்டிருந்த ஓர் அறையில், பெட்டி வந்து சேராத பயணிகள் அவள் மேசைக்கு எதிரே நிற்பார்கள். அவர்கள் சொல்லும் அடையாளம் பெரும்பாலும் ஒன்றே: கறுப்புப் பெட்டி, நடுத்தர அளவு, சக்கரம் உண்டு. அவள் சலிக்காமல் கேட்டுக்கொண்டு, "வேற ஏதாவது?" என்பாள். கைப்பிடியில் சுற்றிய துணியோ நசுங்கிய மூலையோ ஏதேனும் ஒன்று அவர்களுக்கு நினைவு வரும். அந்த ஒன்றைப் பிடித்துக்கொண்டு பெட்டியைக் கண்டுபிடித்துவிடுவாள்.

வீட்டிலும் அதே வேலைதான். அப்பாவின் மூக்குக்கண்ணாடியையும், அம்மாவின் கோபத்துக்கு உரிய காரணத்தையும், தம்பியின் வண்டிச் சாவியையும், தங்கையான சின்னவளின் வீட்டுச் சண்டையில் முதலில் வாயைத் திறந்தவர் யார் என்பதையும் அவளே தேடித் தர வேண்டும். மத்தளத்துக்கு இரண்டு பக்கம் இடி என்பார்கள்; மூத்த மகளின் பக்கங்களை யாரும் எண்ணிப் பார்த்ததில்லை. அவள் தனியாக, பெற்றோர் வீட்டிலிருந்து இரண்டு தெரு தள்ளிக் குடியிருந்தாள். கூப்பிட்டால் வருகிற தூரம் என்று அம்மா பெருமையாகச் சொல்வார். கூப்பிட்டால் கேட்டுத் தொலைக்கிற தூரம் என்று அவள் நினைத்துக்கொள்வாள்.

நீண்ட விடுப்பில் எங்காவது போக வேண்டும் என்று அவள் முன்பு இரண்டு முறை புறப்பட்டதுண்டு. முதல் முறை அப்பாவின் கண்ணில் புரை வந்தது. இரண்டாம் முறை தம்பிக்குப் பெண் பார்க்கும் படலம் வந்தது. இரண்டு முறையும் பயணச்சீட்டை ரத்துசெய்துவிட்டு, அதற்கு மறுநாள் காலையிலேயே தன் மேசையில் போய் உட்கார்ந்தாள். மூன்றாவதும் தவறினால் நான்காவது என்று ஒன்று வராது என்பது அவளுக்கு ஐயமறத் தெரிந்திருந்தது. ஆகவே இந்த முறை ஒரு மாத விடுப்புக்குக் கையொப்பம் வாங்கிய பிறகே வீட்டில் சொன்னாள். முதுகில் மாட்டும் பை ஒன்று வாங்கினாள். எந்த ஊரிலும் யாருடைய மேசைக்கு எதிரேயும் போய் நிற்க வேண்டாத பை.

"இந்த வயசுல மூட்டையத் தூக்கிக்கிட்டு எங்கடி போறே?" என்றார் அம்மா.

"தீவுக்கும்மா."

"அங்க யாரு இருக்கா?"

"யாரும் இல்ல."

"யாருமே இல்லாத எடத்துக்கு எதுக்குப் போறே?"

"அதுக்குத்தான்."

தீவு சிறியது. காலையில் கரையோரமாக நடக்கத் தொடங்கினால், வெயில் உச்சிக்கு வருவதற்குள் புறப்பட்ட இடத்துக்கே மறுபக்கமாக வந்து சேர்ந்துவிடலாம். படகுத்துறைக்கு எதிரே ஒரு கடை, கடைக்குப் பின்னால் சில வீடுகள், அவற்றுக்கு அப்பால் தென்னைகளுக்கு நடுவே ஒரு விடுதி. விடுதி என்பது மரியாதைக்குச் சொல்வது. ஒரே வரிசையில் கட்டிய நான்கு அறைகளும், ஒரு சமையலறையும், இரும்பேணி சாத்திய தண்ணீர்த் தொட்டியும், இரண்டு மரங்களுக்கு இடையே கட்டிய ஒரு வலைத்தொட்டிலும் சேர்ந்து அந்தப் பெயரைச் சுமந்தன. அதை நடத்தியவர்கள் ஒரு கணவனும் மனைவியும். விடுதிக்காரம்மா பேசுவார், விடுதிக்காரர் கேட்பார். இந்த ஏற்பாட்டில் இருவருக்குமே குறை இல்லை.

திங்கட்கிழமையும் வியாழக்கிழமையும் படகு உண்டு. காலையில் போகும்போது இறங்க வேண்டியவர்களை இறக்கிவிட்டு, அப்பாலுள்ள தீவுகளுக்குப் போய், பிற்பகலில் அதே வழியாகத் திரும்பும். திரும்பும்போது, ஏறுவதற்கு ஆள் இருந்தால் மட்டுமே ஆழமில்லாத அந்தத் துறைக்குள் வரும். ஆள் இருப்பதைத் தெரிவிக்கத் துறையின் முனையில் ஒரு கம்பம் நட்டிருந்தார்கள். அதன் கயிற்றில் ஒரு சிவப்பு வாளியைக் கட்டி உச்சிக்கு ஏற்றினால், படகுக்காரர் தொலைவிலேயே கண்டுகொண்டு உள்ளே திருப்புவார். வாளி இல்லையென்றால் நேரே போய்விடுவார். துறையில் நின்று கையசைத்துப் பயனில்லை. தீவுக்கு வருகிற பயணிகள் எல்லோருமே படகைக் கண்டால் கையசைக்கிறார்கள். படகுக்காரரும் மரியாதை தெரிந்தவர், பதிலுக்குக் கையசைத்துவிட்டுத் தம் வழியே போவார். படகு புறப்பட்ட பின் வாளியை இறக்கிக் கவிழ்த்து வைப்பது, போகாமல் தங்குகிறவரின் பொறுப்பு.

இவை எங்கும் எழுதி வைக்கப்படவில்லை. தீவில் எல்லோருக்கும் தெரிந்ததை யாருக்காக எழுதுவது? அதனால் பெரியவள் இவற்றை வந்த அன்றே பிழை செய்து கற்றுக்கொண்டாள்.

அன்று காலை படகைவிட்டு இறங்கியதும் அவள் கண்ணில் முதலில் பட்டது அந்த வாளிதான். அருகில் ஆள் இல்லை. உரியவரின்றிக் கிடக்கும் பொருளைக் கண்டால் அவள் கை தானாக நீளும். அது தொழில் தந்த குணம். கயிற்றைத் தளர்த்தி வாளியை இறக்கி, விடுதிக்கு எடுத்துப் போனாள். வாசலில், தாடை வீங்கி, தலையைச் சுற்றித் துண்டு கட்டியிருந்த ஒருவர் நின்றார். அவர்தான் விடுதிக்காரர்.

"இத யாரோ துறையில விட்டுட்டுப் போயிட்டாங்க," என்றாள்.

அவர் வாளியைப் பார்த்தார். பிறகு அவளைப் பார்த்தார். "ரொம்ப நன்றிம்மா," என்று நிதானமாகச் சொல்லி, வாளியை வாங்கிக் கதவுக்குப் பின்னால் வைத்தார்.

பிற்பகலில் படகு நிற்காமல் போனபோதுதான் செய்தி வெளிப்பட்டது. பல் பிடுங்கிக்கொள்வதற்காக அவரை அன்றைய படகில் அக்கரைக்கு அனுப்ப, வாளியை விடுதிக்காரம்மாவே விடியற்காலையில் ஏற்றி வைத்திருந்தார்.

"வாளியக் கொண்டாந்தது நீயாம்மா?" என்று இடுப்பில் கைவைத்துக் கேட்டார்.

பெரியவள் மன்னிப்புக் கேட்டாள்.

"உன்னச் சொல்லி என்ன பண்றது? வெவரம் தெரியாம கொண்டாந்தே. வெவரம் தெரிஞ்சு வாங்கி வெச்சுக்கிட்டாரே, இந்த மனுஷன், அவரச் சொல்லணும். கொறடுன்னு சொன்னாலே குலை நடுங்குது இவருக்கு."

விடுதிக்காரர் வழக்கம்போலக் கேட்டுக்கொண்டிருந்தார். வியாழனுக்குள் வீக்கம் வடிந்துவிட்டது. பல்லே மனம் திருந்திவிட்டதாக அவர் அறிவித்தார். அன்றுமுதல் மீனின் நடுத்துண்டு தவறாமல் பெரியவளின் தட்டுக்கு வந்தது.

சும்மா இருப்பதற்கும் பழக்கம் வேண்டும். தொடக்கத்தில் அவள் மற்ற அறைகளின் வாசலில் கிடந்த செருப்புகளை ஜோடி சேர்த்து வைத்தாள். கரையில் ஒதுங்கிய ஒற்றைச் செருப்பு ஒன்றுக்கு ஜோடி தேடி ஒரு காலைப் பொழுதைச் செலவிட்டாள். அது வேறொரு நாட்டிலிருந்து மிதந்து வந்திருக்கலாம் என்பது மதியம்தான் உறைத்தது. அதை இருந்த இடத்திலேயே விட்டுவிட்டு வந்ததை அவள் ஒரு முன்னேற்றமாகவே கருதினாள். அதன்பின் நாட்கள் எளிதாயின. காலையில் கழுத்தளவு கடலில் நிற்பாள். வெயில் ஏறினால் வலைத்தொட்டிலில் படுப்பாள். மதியத்துக்கு மேல் மழை வரும். மரச் சட்டங்கள் வைத்த சன்னலைச் சாத்திவிட்டு, கொசுவலைக்குள் படுத்து, தகரக் கூரையில் அது ஓய்வதைக் கேட்பாள். மழை நின்றதும் எழுந்து, நனைந்த மணலில் நண்டுகள் போட்ட கோலத்தை மிதிக்காமல் நடப்பாள். நாளின் மொத்தச் சாதனை அவ்வளவுதான். படுக்கும்போது எதையோ மறந்துவிட்டோம் என்ற எண்ணம் முதல் சில நாட்கள் வந்தது. பிறகு அதுவும் வரவில்லை.

தொலைபேசி அலை தண்ணீர்த் தொட்டியின் உச்சியில் மட்டுமே கிடைக்கும். ஞாயிறுதோறும் அவளே ஏறிப் பேசுவாள். மற்ற நாட்களில் தேடக் கூடாது. வீட்டாருக்கு அவள் விதித்திருந்த நிபந்தனை அது. இரண்டாம் ஞாயிறு அவள் ஏணியில் ஏறிப் பேசியபோது சின்னவள் எடுத்தாள்.

"அக்கா, வீட்டு ஓனர் அப்பா வீட்ட ஒடனே காலி பண்ணச் சொல்லிட்டார். அவர் பொண்ணு வருதாம். அடுத்த ஞாயித்துக்கெழம லாரி சொல்லியாச்சு."

"நல்லதுதானே. புது வீடு பாத்தாச்சா?"

"வீடெல்லாம் பாத்தாச்சு. அப்பாதான் பிரச்சன. நாங்க கட்டுற பொட்டலத்த எல்லாம் அவுத்துடறார்."

அப்பா அஞ்சலகத்தில் பொட்டலப் பிரிவிலிருந்து ஓய்வு பெற்றவர். பிறர் போட்ட முடிச்சை அவர் நம்புவதில்லை. வாழ்நாளில் அவர் குறை சொல்லாத முடிச்சு பெரியவள் போட்டது ஒன்றுதான். அதுவும் அவரே கற்றுக் கொடுத்தது.

"கூடத்துல நாற்காலியப் போட்டு உக்காந்துட்டு, 'பெரியவ வரட்டும், அவ கட்டினாத்தான் கட்டு'ங்கறார். ஒரு பெட்டிகூட நகரல. நீ எப்பக்கா வர்றே?"

"மாசக் கடைசியில. சொல்லிட்டுத்தானே வந்தேன்?"

மறுமுனையில் சிறிது நேரம் பேச்சில்லை. அந்த அமைதி அவளுக்கு நன்கு பழக்கமானது. பெட்டி தொலைந்தவர்கள் எல்லா அடையாளங்களையும் சொல்லி முடித்த பிறகு, இனி உன் பொறுப்பு என்பதுபோல் அப்படித்தான் பார்த்துக்கொண்டு நிற்பார்கள். அவள், "நீங்களே பாத்துக்கங்க," என்று சொல்லி இறங்கிவிட்டாள்.

வியாழக்கிழமை காலைப் படகில் தம்பி வந்தான்.

பெரியதோர் அலுவலகக் கட்டடத்தின் தீப்பாதுகாப்பு அதிகாரி அவன். மாதம் ஒருமுறை மணியடித்து, எரியாத கட்டடத்திலிருந்து எல்லோரையும் மாடிப்படி வழியாக இறங்கச் செய்வது அவனது கடமை. படகில் கொடுத்த மிதவைச் சட்டையைத் தரைக்கு வந்த பிறகும் கழற்றாமல், தோல் காலணியில் மணல் புகப் புக, தென்னைகளுக்கு இடையே நடந்து வந்தான். வலைத்தொட்டிலில் கிடந்த அக்காவைக் கண்டதும் நின்றான்.

"இந்தக் கயிறு எத்தன கிலோ தாங்கும்னு யாரையாவது கேட்டியா?"

"வாடா. நல்லா இருக்கியா?"

"நான் நல்லா இருக்கறது இருக்கட்டும். அப்பா நாற்காலிய விட்டு எந்திரிக்க மாட்டேங்கறார். அம்மா பேசறத நிறுத்திட்டாங்க."

"அம்மாவா?"

"அதான் சொல்றேன், நெலம எவ்வளவு மோசம்னு பாத்துக்கோ. மத்தியானப் படகுல நீயும் நானும் கெளம்பறோம். ஞாயித்துக்கெழம வீட்ட மாத்திட்டு, வேணும்னா நீ திரும்பி வா."

"திரும்பி வரவா? ரெண்டு நாள் பயணம்டா."

"அதுக்கு நான் என்னக்கா பண்ணுவேன்? தீவு இவ்வளவு தூரத்துல இருக்கறது என் தப்பா?"

அவன் கண்களின் கீழ் கருமை படர்ந்திருந்தது. சட்டைக் காலரில் இரண்டு நாள் அழுக்கு. அலுவலகத்தில் விடுப்புக் கிடைப்பது அவனுக்கும் எளிதன்று. பெரியவள் எழுந்தாள். சரி என்ற சொல் அவள் வாயில் எப்போதும் முன்வரிசையில் நிற்கும். மற்ற சொற்கள் வந்து சேர்வதற்குள் அது வெளியே வந்துவிடும்.

"சரி," என்றாள்.

பையைக் கட்ட நேரமே ஆகவில்லை. கொசுவலையைச் சுருட்டி, கட்டில் விரிப்பை மடித்து, சன்னலைச் சாத்தினாள். மீதி நாட்களை அந்த அறையிலேயே வைத்துப் பூட்டுவதுபோல் இருந்தது. சமையலறை வாசலில் விடுதிக்காரம்மா மீன் ஆய்ந்துகொண்டிருந்தார்.

"போறியாம்மா?"

"போகணும்க்கா."

"போறியா, போகணுமா?"

"ரெண்டும் ஒண்ணுதானே."

"உங்க ஊர்ல ஒண்ணா இருக்கும்," என்று சொல்லி, அவர் மீனின் பக்கம் திரும்பிக்கொண்டார்.

பெரியவள் துறைக்குப் போய்ச் சிவப்பு வாளியைக் கயிற்றில் கட்டி உச்சிக்கு ஏற்றினாள். பிறகு கடையின் நிழலில் பையை வைத்து, அதன் மேல் உட்கார்ந்தாள். தம்பிக்கு உட்கார வரவில்லை. துறையின் பலகைகளை ஒவ்வொன்றாக மிதித்துப் பார்த்துக்கொண்டு முனைவரை போனான். போனவன் நிமிர்ந்து பார்த்தான்.

"அக்கா! இங்க வந்து இந்த அநியாயத்தப் பாரு."

அவள் எழுந்து போனாள்.

"தீ வாளி. கம்பத்து உச்சியில தொங்குது. தீப்பிடிச்சா யாரு ஏறி எடுக்கறது?" கயிற்றைத் தளர்த்தி வாளியை இறக்கினான், உள்ளே எட்டிப் பார்த்தான். "காலி!"

பெரியவள் சுற்றிலும் நோக்கினாள். மூன்று பக்கமும் கடல். "தண்ணிக்கு என்னடா பஞ்சம்?"

"எண்ணெய்த் தீக்குத் தண்ணி ஊத்தக் கூடாதுக்கா. அதோ அந்தப் பீப்பாய்ல டீசல் வெச்சிருக்காங்க, பாத்தியா? டீசல் இருக்கு, பக்கத்துல வாளியில்ல. வாளி இருக்கு, உள்ள மணலில்ல. எங்க பாத்தாலும் மணல், வாளிக்குள்ள மட்டும் இல்ல! என்ன ஊரோ, என்ன ஜனமோ."

இந்த இடத்தில் அவள் சொல்லியிருக்க வேண்டும். ஒரே ஒரு வாக்கியம் போதும். நாக்கு நுனிவரை வந்தும் விட்டது. ஆனால் அதற்கு முன்னால், துண்டு கட்டிய ஒரு முகம் நினைவுக்கு வந்தது. வாளியைப் பார்த்து, அவளைப் பார்த்து, ரொம்ப நன்றிம்மா என்று நிதானமாகச் சொன்ன முகம். அந்த நிதானத்தின் பொருள் அவளுக்கு இப்போதுதான் முழுதாக விளங்கியது.

தம்பி காத்திருக்கவில்லை. மிதவைச் சட்டையைக் கழற்றி வைத்து, சட்டைக் கையை மடித்துவிட்டு, கரையில் மண்டியிட்டு, ஒரு தேங்காய்ச் சிரட்டையால் மணலை அள்ளினான். வந்ததிலிருந்து அவன் முகத்தில் இல்லாத தெளிவு இப்போது இருந்தது. வாளியைத் தூக்கி வந்து அவளிடம் காட்டினான்.

"போதுமா?"

தன் தொழிலைப் பற்றி அவன் அவளிடம் கருத்துக் கேட்டது அதுவே முதல் முறை. பெரியவள் குனிந்து, பொறுப்போடு பார்த்தாள்.

"முக்கால் வாளிதான் இருக்கு. நெறச்சிடு."

"நானும் அதான் நெனச்சேன்," என்று சொல்லி, அவன் மறுபடியும் கரைக்குப் போனான்.

விளிம்புவரை நிறைந்த வாளியைக் கம்பத்தின் அடியில், கைக்கு எட்டும்படி, கைப்பிடி வெளிப்பக்கம் பார்க்க வைத்தான். இரண்டடி பின்னால் போய்ப் பார்த்துத் திருப்தியடைந்தான். அவள் கடைநிழலுக்குத் திரும்பி வந்து பையின் மேல் உட்கார்ந்தாள். இந்த முறை சாய்ந்து உட்கார்ந்தாள்.

படகு வந்தது. தொலைவில் வெள்ளையாகத் தோன்றி, பெரிதாகி, துறைக்கு நேராக வந்து, திரும்பாமல் போயிற்று. தம்பி முனையில் நின்று கையசைத்தான். படகுக்காரரும் அசைத்தார். தம்பி இரண்டு கைகளையும் தூக்கி அசைத்தான். அவ்வளவு அன்பை எதிர்பாராத படகுக்காரர் தாமும் இரண்டு கைகளையும் தூக்கினார். படகு சிறுத்து, மறைந்தது.

கூச்சல் கேட்டு விடுதிக்காரம்மா வந்தார்; பின்னால் விடுதிக்காரரும் வந்தார். கம்பத்தின் உச்சியைப் பார்த்த விடுதிக்காரம்மாவின் பார்வை மெல்லக் கீழே இறங்கி, மணல் வாளியில் வந்து நின்றது.

"வாளிய எறக்குனது யாரு?"

"நான்தாங்க," என்றான் தம்பி. "தீ வாளிய அப்படிக் காலியா வெக்கக் கூடாது. அது இருக்கட்டும், அந்தப் படகுக்காரர் மேல எங்க புகார் குடுக்கறது?"

விடுதிக்காரம்மாவுக்குச் சிரிப்புப் பொறுக்கவில்லை. கம்பத்தைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். சிரிப்பினூடே விதி முழுவதையும் சொன்னார். "உங்க குடும்பத்துக்கே எங்க வாளி மேல ஒரு கண்ணு தம்பி. அக்கா வந்த அன்னிக்குத் தூக்கிட்டு வந்துச்சு. நீங்க வந்த அன்னிக்கு மண்ணள்ளிப் போட்டுட்டீங்க."

தம்பி மெதுவாக அக்காவின் பக்கம் திரும்பினான்.

"உனக்குத் தெரியும்."

"தெரியும்."

"தெரிஞ்சுக்கிட்டே, முக்கால் வாளிதான் இருக்குன்னு சொன்னே!"

"முக்கால் வாளிதானே இருந்துச்சு?"

"அக்கா!"

"ஏண்டா கத்தறே? வீட்ல யாராவது என்ன வர முடியுமான்னு கேட்டீங்களா? எப்ப வர்றேன்னு கேட்டீங்க. நீயும் கேக்கல, வா போலாம்னு சொன்னே. எனக்குப் போக இஷ்டமில்லடா. இதச் சரின்னு சொல்றதுக்கு முன்னாடியே சொல்லியிருக்கணும். சொல்லல. இப்ப சொல்றேன்."

அதுவரை கேட்டுக்கொண்டிருந்த விடுதிக்காரர் வாய் திறந்தார். "அடுத்த படகு திங்கக்கெழமதான் தம்பி. மூணாம் நம்பர் ரூம் காலியாத்தான் இருக்கு," என்றார். பெரியவளைப் பார்த்த அவர் கண்களில், ஒரே தொழில் செய்பவர்களுக்கிடையே உள்ள மரியாதை தெரிந்தது.

தம்பியின் கோபம் அன்று அடங்கவில்லை. தொட்டியின் மேல் ஏறி வீட்டுக்குச் செய்தியைச் சொல்லிவிட்டு இறங்கியவன், சாப்பிட வந்தபோதும் தட்டை மட்டும் பார்த்தான். வெள்ளிக்கிழமை காலை, கோபத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று தெரியாமல், விடுதி முழுவதையும் ஆய்வு செய்தான். சமையலறையில் எரிவாயு உருளையை வெளியே மாற்றி வைத்தான். ஏணியின் ஆணியை இறுக்கினான். வலைத்தொட்டிலின் கயிற்றைச் சோதிப்பதற்காக அதில் உட்கார்ந்தான். முறையாகச் சோதிப்பதற்காகப் படுத்தான். மழை வந்து எழுப்பும்வரை எழுந்திருக்கவில்லை.

"கயிறு எத்தன கிலோ தாங்குதாம்?" என்று பெரியவள் கேட்டாள்.

"இன்னும் ஒரு தடவ பாக்கணும்," என்றான்.

சனிக்கிழமை அவன் வெறுங்காலோடு நடந்தான். கழுத்தளவு நீரில் அக்காவின் பக்கத்தில் வந்து நின்று, நெடுநேரம் தொடுவானத்தைப் பார்த்துவிட்டு, "இங்க மணியே அடிக்காது, இல்ல?" என்றான். 

ஞாயிறு மாலை இருவரும் ஏணியில் ஏறினார்கள். ஏறும்போதே பெரியவள் வீட்டை நினைத்துப் பார்த்தாள். லாரி வந்திருக்கும். அப்பா நாற்காலியில் இருந்திருப்பார். கூடத்தில் பாதி அவிழ்ந்த பொட்டலங்கள் கிடந்திருக்கும். எல்லாம் கெட்டுக் குட்டிச்சுவராகியிருந்தால், அது அந்த முக்கால் வாளியின் கணக்கில்தான் சேரும். அவள் எண்ணை அழுத்தினாள். அம்மா எடுத்தார்.

"புது வீட்லேருந்துதான் பேசறேன்," என்றார்.

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். "அப்பா எப்படிம்மா வந்தார்?" என்றாள் பெரியவள்.

"எப்படி வருவார்? லாரியிலதான். பொட்டலம் கட்டினாத்தானே அவுப்பார்? கட்டவே இல்ல. மொதல்ல அவர் நாற்காலிய எடுத்து லாரியில ஏத்தச் சொன்னேன். தண்ணி குடிக்கப் போயிட்டு வந்து பாத்தார், நாற்காலியக் காணோம். எங்கேன்னார். லாரியிலன்னேன். போய் அங்க உக்காந்துக்கிட்டார்."

"பொட்டலமெல்லாம்?"

"ஒவ்வொண்ணா லாரிக்குக் குடுத்தோம். உக்காந்த எடத்துல அவரே கட்டினார். கட்டட்டுமே. இத்தன நாளா இந்த யோசன எனக்கு வரல, பாரு. பெரியவ வருவா, பெரியவ வருவான்னு நானும் சேந்து உக்காந்திருந்தேன். ரெண்டு பேரும் வரலன்னதும்தான் மூளை வேல செஞ்சுது."

பெரியவளுக்கு நிம்மதியாக இருந்தது. அந்த நிம்மதிக்கு அடியில், சிறு முள்போல, ஏதோ ஒன்று உறுத்தவும் செய்தது. தான் இல்லாமல் நடந்துவிட்டது. அதுவும் நன்றாகவே நடந்துவிட்டது. உறுத்தியதை அவள் ஒரு கணம் இருக்கவிட்டாள். கரையில் ஒதுங்கிய ஒற்றைச் செருப்பைப் போல் அது அங்கேயே கிடக்கட்டும் என்று விட்டாள்.

அப்பா தொலைபேசியை வாங்கினார்.

"பெரியவளே, என் நாற்காலியத் தப்பான சன்னல்கிட்ட போட்டிருக்காங்க. வெயில் மூஞ்சியில அடிக்குது. நீ வந்து மாத்து."

தம்பி அவளையே பார்த்தான். சரி என்ற அந்தச் சொல் இப்போதும் முன்வரிசையில் வந்து நின்றது. பெரியவள் அதைச் சற்று நகர்ந்து நிற்கச் சொன்னாள்.

"லேசான நாற்காலிதானேப்பா? நீங்களே நகத்திப் போட்டுக்கங்க."

மறுமுனையில் அந்தப் பழைய அமைதி. அதை நிரப்ப வேண்டியது தன் வேலையன்று என்பதால் அவள் காத்திருந்தாள். பிறகு, தரையில் மரக்கால் உராயும் ஓசை கேட்டது.

"இங்க காத்து நல்லா வருது," என்றார் அப்பா, சற்று வியப்போடு. "அங்க எப்படி?"

"இங்கயும் நல்லா வருதுப்பா."

திங்கட்கிழமை காலை உணவு முடிந்ததும் தம்பியே போய் வாளியைக் கழுவி, கயிற்றில் கட்டி, உச்சிக்கு ஏற்றினான். யாரும் தொட்டுவிடாதபடி அதன் அடியிலேயே உட்கார்ந்துகொண்டான். விடுதிக்காரரின் பல் சனிக்கிழமையே மனம் மாறி, பழைய குணத்துக்குத் திரும்பியிருந்தது. துண்டு கட்டிய தலையோடு அவரைத் துறைவரை நடத்தி வந்த விடுதிக்காரம்மா, அவர் கையைத் தம்பியின் கையில் கொடுத்தார்.

"நீங்க பாதுகாப்பு அதிகாரிதானே தம்பி? இவர் வழியில எங்கயும் எறங்கிடாம பாத்துக்கங்க. பல் டாக்டர் வாசல்வரைக்கும் கொண்டு விட்டுட்டுப் போங்க."

"கவலப்படாதீங்க. ஆள எறக்கறதும் ஏத்தறதும்தான் எனக்கு வேலையே," என்றான் தம்பி. விடுதிக்காரர் பெரியவளை நம்பிக்கையோடு பார்த்தார். அவள் வருத்தத்தோடு தலையசைத்தாள். அந்த வாளி இன்று அவளுடையதன்று.

படகு தொலைவிலேயே திரும்பித் துறைக்குள் வந்தது. தம்பி காலணியைக் கையில் பிடித்துக்கொண்டு, மணல் ஒட்டிய காலோடு ஏறினான். படகு நகரும்போது திரும்பிப் பார்த்துக் கத்தினான்.

"அக்கா! அடுத்த வாரம் வர முடியுமா?"

கேள்வியாகவே கேட்டான். பெரியவள் சற்று யோசித்தாள்.

"வர முடியும்!" என்று கத்தினாள். "அதுக்கு முன்னாடி முடியாது!"

அவன் கையசைத்தான். படகுக்காரரும் அசைத்தார். விடுதிக்காரர் மட்டும் அசைக்கவில்லை. படகு சிறுத்ததும், தங்குகிறவரின் கடமையாக, அவள் கயிற்றைத் தளர்த்தி வாளியை இறக்கிக் கவிழ்த்து வைத்தாள்.

கரையில், டீசல் பீப்பாய்க்கு அருகே, கடையில் வாங்கிய பழைய எண்ணெய்த் தகரம் ஒன்று இருந்தது. தம்பி நேற்று வைத்தது. விளிம்புவரை மணல் இருந்தது. அவள் குனிந்து பார்த்தாள். ஒரு குறையும் சொல்வதற்கில்லை. வலைத்தொட்டில் காலியாகத்தான் இருக்கும் என்ற நினைவு வர, தென்னைகளை நோக்கி நடந்தாள்.